பச்சைத் தண்ணீர்

எங்கள் வீட்டில் ‘பச்சைத் தண்ணீர்’ என்றால் காய்ச்சாத தண்ணீர். சளி பிடித்த பிள்ளைகளுக்கு அப்பத்தா அதைக் கண்ணில் காட்ட மாட்டார்; வெயிலில் அலைந்துவிட்டு வந்தவர்களுக்குச் செம்பு நிறைய மொண்டு கொடுப்பார். ஊரணியிலிருந்து எடுத்து வந்து, மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து, கலங்கல் அடியில் படிந்த பிறகு இறுத்த தண்ணீர் அது. இப்போது ஊரில் யாரும் ஊரணித் தண்ணீரைக் குடிப்பதில்லை. குழாயும் இருபது லிட்டர் கேனும் வந்துவிட்டன. சொல் மட்டும் நின்றுவிட்டது. சென்ற பங்குனியில் முன்னோருக்குப் படையலிடும் ஒரு படைப்புக்காகக் காரைக்குடியை அடுத்த எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, அந்தச் சொல்லுக்கு ஏற்றபடியே ஊரணி பச்சையாகக் கிடந்தது.

படித்துறைக் கல்லில் படரும் வழுக்குப் பாசியை நான் சொல்லவில்லை. அது என்றைக்கும் உள்ளது. இது தண்ணீருக்குள்ளேயே கரைந்த பச்சை. காற்று ஒதுக்கிய வடகரை மூலையில் மட்டும், கதவுக்கு அடிக்கும் பெயின்ட்டைக் கொட்டியதுபோல ஏடு கட்டியிருந்தது. உடன் வந்த அயித்தைக்கு அதைப் பார்த்ததில் மகிழ்ச்சிதான். “இந்த வருசம் மழை நல்லாப் பெஞ்சதுல்ல, தண்ணி எப்படிப் பச்சைப் பசேல்னு நிக்குது பாரு” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்களுக்குப் பச்சை என்பது செழிப்பின் நிறம். அதைச் சந்தேகிக்க எங்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

நான் வீட்டுக்குத் திரும்பி, இரண்டாங்கட்டு அலமாரியில் கிடந்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். கையில் ரப்பர் உறை போட்டுக்கொண்டு முக்கால் பாட்டில் தண்ணீர் மொண்டு, மூடியைத் தளர்த்தி மூடி, முற்றத்துத் தூணோரம் அசையாமல் வைத்தேன். சாதாரணப் பச்சைப் பாசியாக இருந்தால் மறுநாள் காலையில் அடியில் படியும், அல்லது தண்ணீர் முழுவதும் கலந்தே நிற்கும். நீலப்பச்சைப் பாசி அப்படியன்று. அதன் உயிரணுவுக்குள் நுண்ணிய காற்றுப் பைகள் உண்டு, ஆகவே மேலே மிதந்து வந்துவிடும். காலையில் பார்த்தபோது பாட்டிலின் கீழ்ப்பகுதி ஏறக்குறையத் தெளிந்திருந்தது. மேலே, கழுத்துக்குச் சற்றுக் கீழே, சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு பச்சை வளையம். சாய்த்தால் அது கண்ணாடியில் ஒட்டி இழுபட்டு, அரைத்த மருதாணியைப் போலத் தடம் விட்டது. பிள்ளைகள் தொடக் கூடாதென்று பாட்டிலை எடுத்துக் கிணற்றடி மாடத்தில் வைத்தேன்.

நீலப்பச்சைப் பாசி என்று நாம் அழைத்தாலும் அது உண்மையில் ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. தேங்கிய வெதுவெதுப்பான நீரும் தேவைக்கு மேல் ஊட்டமும் கிடைத்தால் சில நாட்களிலேயே பெருகிவிடும். 1878-இல் ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர், தென் ஆஸ்திரேலியாவின் அலெக்ஸாண்ட்ரினா ஏரியில் நீர் குடித்த ஆடுகளும் குதிரைகளும் சுருண்டு விழுந்து இறந்ததைப் பற்றி நேச்சர் இதழுக்கு எழுதினார். ஏரியின் மேல் மிதந்த ஏட்டை அவரும் பச்சை எண்ணெய்ச் சாயத்தோடுதான் ஒப்பிட்டிருக்கிறார். நன்னீரில் அதிகம் காணப்படும் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் இனம் உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் ஈரலைத் தாக்கும் நஞ்சு. குடிநீரில் அதன் முக்கியமான ஒரு வகை லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வாழ்நாள் முழுவதும் குடிப்போருக்காக வகுத்த அளவு. இதில் எங்கள் வீட்டு அறிவு முழுவதும் தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. இந்த நஞ்சு காய்ச்சினால் போகாது. காய்ச்சும்போது உயிரணுக்கள் வெடித்து உள்ளிருப்பதும் நீரில் கலக்கும். நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். தேற்றாங்கொட்டை கலங்கலைப் படிய வைக்கும், ஓரளவு பாசியையும் படிய வைக்கலாம். ஏற்கெனவே கரைந்துவிட்ட நஞ்சை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையில் உள்ள டொலிடோ நகரில் 2014 ஆகஸ்டில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சுமார் மூன்று நாட்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனதற்கு இந்த நஞ்சே காரணம். அங்கே மக்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகளில் ஒன்று, காய்ச்சாதீர்கள் என்பது.

எங்கள் ஊரணியில் இருந்தது நஞ்சுடையதா இல்லையா என்பதை ஹார்லிக்ஸ் பாட்டில் சொல்லாது. ஒரே இனத்திலேயே நஞ்சு உண்டாக்குவதும் உண்டு, உண்டாக்காததும் உண்டு. கண்ணால் பிரித்தறிய வழியில்லை. இன்னொரு பாட்டிலில் நீர் எடுத்து ஓர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தேன். பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. கடினத்தன்மை சரி, குளோரைடு சரி, ஃப்ளூரைடு சரி. பாசியைப் பற்றி அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. கேட்டதற்கு, “ஊரணித் தண்ணியை இப்ப யாரும்மா குடிக்கிறாங்க?” என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். ஆடு குடிக்கிறது, மாடு குடிக்கிறது, கோடையில் மயில்கள் படியிறங்கி வந்து குடிக்கின்றன. 2020-இல் போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ பகுதியில் 330-க்கும் மேற்பட்ட யானைகள் இறந்து கிடந்தபோது, அவை குடித்த குட்டைகளில் இருந்த நீலப்பச்சைப் பாசியின் நஞ்சே காரணம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவரிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. ஃபீஸ் ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பச்சைத் தண்ணீரைக் கண்டு நான் பாட்டில் தேடி ஓடியதற்குக் காரணம் ஊரணி மட்டும் அன்று. 2019 செப்டம்பரில் அப்பச்சியின் திதிக்காக இராமேசுவரம் போனபோது கடலே அப்படிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மண்டபம் என்னும் ஊருக்கு முன்னால் வேதாளைப் பக்கம் தம்பி காரை நிறுத்தினான். சாலையிலேயே நாற்றம் அடித்தது. கருவாட்டு நாற்றம் எனக்குப் பழக்கம், இது வேறு. கரையோரம் நூறடிக்குக் கடல் நீலமே இல்லாமல், கீரை கழுவிய நீரைப் போல அடர்ந்திருந்தது. அலை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தண்ணீர் கனத்துப் போய், கூழ் அசைவதைப் போல அசைந்தது. மணலில் அலை வந்து போன கோடு முழுவதும் மீன்கள். ஓரா அதிகம்; பெயர் தெரியாத, வரிகள் போட்ட பவளப்பாறை மீன்கள் உள்ளங்கை அளவில் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் வாய் பிளந்திருந்தது, செவுள் மூடி விரிந்து நின்றது. அஞ்சாலை என்னும் விலாங்கு வகை மீன் ஒன்று, முழங்கை நீளம் இருக்கும், பாறைப் பொந்தை விட்டு வெளியே வராத பிராணி, கரைக்கு வந்து ஈரமணலில் தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. மீன்பிடிப்பவர் ஒருவர் அதைக் காலால் தண்ணீருக்குள் தள்ளினார். அது மறுபடியும் கரைக்கே வந்தது. “உள்ளாற மூச்சு முட்டுது அதுக்கு” என்றார் அவர். ஒரு விஞ்ஞானி ஒரு பக்கத்தில் எழுதுவதை அவர் நான்கு சொற்களில் சொல்லிவிட்டார் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

அந்தப் பச்சைக்குக் காரணம் நாக்டிலூக்கா சின்டில்லன்ஸ் என்னும் ஒற்றை உயிரணு உயிர். அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை இருக்கும். கசகசா மணியைக் கண்ணாடியில் செய்ததுபோல என்று கற்பனை செய்துகொள்ளலாம். அதற்குச் சொந்த நிறம் இல்லை. நம் வெப்பக் கடல்களில் அதன் உடலுக்குள் இன்னும் சிறிய பச்சைப் பாசிகள் ஆயிரக்கணக்கில் குடியிருந்து, வெயிலில் உணவு சமைத்து வீட்டுக்காரருக்கும் பங்கு தருகின்றன. இரவில் அலை உடையும்போது நீலமாக மினுங்குவதும் இதே உயிர்தான். அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் திருவான்மியூர்க் கடற்கரையில் நீல ஒளி தெரிந்ததென்று ஊரே திரண்டு போய்ப் படம் எடுத்தது. அடுத்த மாதம் மன்னார் வளைகுடாவில் அது பகலில் பச்சையாக வந்தபோது படம் எடுக்க யாரும் திரளவில்லை. நாக்டிலூக்கா கடுமையான நஞ்சு எதையும் உண்டாக்குவதாகத் தெரியவில்லை. ஆனால் மிதப்பதற்காகத் தன்னுள் அம்மோனியாவைச் சேர்த்து வைக்கிறது. கூட்டமாகச் சாகும்போது அது நீரில் கலக்கிறது. செத்தவற்றைப் பாக்டீரியாக்கள் சிதைக்கையில் நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகிறது. போதாததற்கு அந்தக் கூழ் மீன்களின் செவுளிலும் அடைத்துக்கொள்கிறது. நீந்தித் தப்ப முடிந்த மீன் தப்பும். பாறைப் பொந்தில் வாழும் அஞ்சாலை எங்கே போகும்? இடம் பெயரவே முடியாத பவளங்களின் நிலை அதைவிட மோசம். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் ஒன்றான சிங்கில் தீவைச் சுற்றி, கிளைவிட்டு வேகமாக வளரும் பவள இனங்கள் பல அந்தச் சில வாரங்களில் வெளுத்து மடிந்தன.

மண்டபத்துக்காரர்கள் இதைப் பூங்கோரை என்கிறார்கள். எவ்வளவு அழகான பெயர்! இங்கே சொல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் ‘பாசி’ என்ற ஒரே சொல் படித்துறை வழுக்கலுக்கும், ஊரணி ஏட்டுக்கும், கடலில் வளரும் பெரிய தாவர வடிவங்களுக்கும் பொதுவாக நிற்கிறது. பாம்பன் பகுதியில் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் பறித்து விற்றுப் பிழைக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் பறிப்பது அகர் முதலிய பொருள்கள் செய்யப் பயன்படும் கடற்பாசி. மீனைக் கொல்வது கண்ணுக்குத் தனியே தெரியாத நுண்பாசி. ‘பாசியால் மீன்கள் சாவு’ என்று செய்தி வந்தவுடன் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மூழ்கிப் பறிக்கும் பெண்ணுக்கு அந்த நீரில் இறங்க முடியாமல் வேலையும் போயிற்று, பழியும் வந்தது.

எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி வேறு வழியாக வந்து சேர்ந்தது. தொண்டியிலிருந்து வாரத்தில் மூன்று நாள் முதல் பேருந்தில் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கும் மீன்காரம்மாவிடம்தான் எங்கள் தெரு முழுவதும் மீன் வாங்கும். முரல், நகரை, காரல், பாக் விரிகுடாவின் நீலக்கால் நண்டு. அந்தச் செப்டம்பரில் ஒரு தொலைக்காட்சி ‘விஷ மீன்கள்’ என்று இரண்டு நாள் ஓயாமல் ஓட்டியது. மூன்றாம் நாள் மீன்காரம்மா பெட்டியைத் திறக்காமலே எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தெருவில் ஒருவரும் வாங்கவில்லை. “ஆச்சி, செத்து ஒதுங்குனது தென்கடல்ல. இது வடகடல் மீனு, விடியக்காலைல துடிக்கத் துடிக்க ஏலம் எடுத்தது. யார்கிட்டச் சொன்னாலும் காதுல வாங்கல” என்றார். இராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கரையில் இருப்பவர்களுக்கு வடகடலும் தென்கடலும் இரண்டு வெவ்வேறு வயல்கள். அறுபது எழுபது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் எங்களுக்கு எல்லாம் ஒரே கடல். அன்று நான் இரண்டு கிலோ நகரை வாங்கினேன். அதைச் சொல்லிப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆத்தா அதைச் சமைக்க மாட்டேன் என்றுவிட்டார், கடைசியில் பக்கத்துத் தெருப் பூனைகள் தின்றன. மீன்காரம்மா அதன் பிறகு தீபாவளி கழியும்வரை வரவில்லை. ஏலத்தில் கடனுக்கு எடுத்த மீனுக்குப் பணம் கட்ட, காதில் கிடந்ததை அடகு வைத்ததாகப் பின்னர் சொன்னார்.

ஆத்தாவின் பயத்தை முழுக்க மூடத்தனம் என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை. 1981-இல் கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் மட்டி தின்ற 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மூன்று பேர் இறந்தார்கள். 1997-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பிக்கறி தின்று ஏழு பேர் இறந்தார்கள். இவை வேறு வகை நுண்பாசிகளின் வேலை. மட்டியும் சிப்பியும் நாள் முழுவதும் கடல்நீரை வடிகட்டியே உண்பவை. அந்தப் பாசிகளின் சாக்ஸிடாக்ஸின் போன்ற நஞ்சு அவற்றின் சதையில் சேர்ந்துகொண்டே போகும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. தின்ற மனிதருக்கு உதடும் நாக்கும் மரத்து, விரல் நுனி மரத்து, முற்றிப்போனால் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். மாற்று மருந்து கிடையாது. மூச்சு தானே திரும்பும்வரை கருவியால் மூச்சளித்துக் காப்பாற்ற வேண்டும். புளி ஊற்றிக் குழம்பு வைத்தாலும் எண்ணெயில் வறுத்தாலும் அந்த நஞ்சு அழியாது. ஆகவே பாசி பெருகிப் பூக்கும் கடலில் எடுத்த மட்டியைத் தொடக் கூடாது, தானாகச் செத்து ஒதுங்கிய மீன் எதையும் தொடக் கூடாது. ஆனால் வேறொரு கடலில் உயிரோடு பிடித்த நகரை என்ன பாவம் செய்தது? எந்தப் பாசி, எந்தக் கடல், எந்த உணவு என்று மூன்று கேள்விகளைக் கேட்டுச் சொல்ல வேண்டிய செய்தியை ஒற்றைச் சொல்லில் ஓட்டிவிட்டார்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல்தகவல் நிறுவனம் செயற்கைக்கோள் படங்களிலிருந்து நம் கடல்களில் எங்கே பாசி பூத்திருக்கிறது என்று கணித்து வெளியிடுகிறது. அந்தத் தகவல் தொண்டி ஏலக்கூடத்துக்கும், அங்கிருந்து எங்கள் தெருவுக்கும் தமிழில் வந்திருந்தால் மீன்காரம்மா கையில் ஒரு தாளாவது இருந்திருக்கும்.

வடகடலுக்கு இந்த ஆபத்து வராது என்று எண்ணிவிடவும் கூடாது. பாக் விரிகுடா ஆழம் குறைந்த, அமைதியான கடல். வெயில் அடிவரை இறங்குவதால் கடற்புல் பரந்து வளர்கிறது. அந்தப் புல்லை மேய்ந்து வாழ்வது ஆவுளியா என்று நம் கரைக்காரர்கள் அழைக்கும் கடற்பசு. 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது, இந்தியாவிலேயே முதலாவது. வலையில் சிக்கினால் அவிழ்த்துவிட மீனவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று, விடுவித்தவர்களுக்குப் பரிசும் கொடுத்தாயிற்று. எல்லாம் நல்லதுதான். ஆனால் கடற்பசுவைக் கொல்ல வலை வேண்டியதில்லை. தண்ணீரின் மேல் பச்சை போர்வை விழுந்து, வெயில் அடிக்கு இறங்காமல் சில மாதங்கள் போனால், புல் தானே மடியும்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆவுளியாவுக்கு உறவினர் என்று சொல்லத்தக்க மேனட்டி என்னும் விலங்குகள் இருக்கின்றன. அங்கே இந்தியன் ரிவர் லகூன் என்ற நீண்ட காயலில், கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்தும் புல்வெளி உரங்களிலிருந்தும் ஊட்டம் கலந்து, 2011 முதல் நுண்பாசி பெருமளவில் பூக்கத் தொடங்கியது. கடற்புல் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. 2021-இல் ஃப்ளோரிடாவில் 1,100 மேனட்டிகள் இறந்தன. அவற்றில் பல அந்தக் காயலில் புல் கிடைக்காமல் பட்டினியால் இறந்தவை. விலா எலும்பு தெரியக் கரை ஒதுங்கிய அந்த உடல்களின் படங்களைப் பார்த்தபோது, எங்கள் பக்கத்தில் பஞ்ச காலத்து மாடுகளைப் பற்றி ஐயா சொன்னதே நினைவுக்கு வந்தது. அதே மாநிலத்தின் மேற்குக் கரையில் வேறொரு பாசி சிவப்பாகப் பூக்கும். அதன் நஞ்சு அலைத் துளிகளோடு காற்றில் ஏறுவதால், கடலில் இறங்காமல் கரையில் நடப்பவர்களே இருமுவார்கள். 2018-இல் அது ஆமைகளையும் ஓங்கில்கள் எனப்படும் டால்பின்களையும் மேனட்டிகளையும் கொன்று, கடற்கரை விடுதிகளைக் காலியாக்கி, அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் போயிற்று. ஆனால் என்னை அதிகம் உறுத்துவது பட்டினிதான், ஏனென்றால் அதில் நஞ்சே இல்லை. வெறும் ஊட்டம், அளவுக்கு மிஞ்சிய ஊட்டம்.

எங்கள் முன்னோர் இந்த ஊட்டத்தின் கணக்கை நைட்ரஜன், பாஸ்பரஸ் என்ற பெயர்கள் இல்லாமலே அறிந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். வற்றாத ஆறில்லாத செட்டிநாட்டில் ஓட்டுக்கூரையில் விழுந்த மழை முற்றத்துத் தொட்டியில் இறங்கி, கிணற்றுக்கும் தெருவடிகாலுக்கும் போய், அங்கிருந்து ஊரணிக்கு வந்து சேரும்படி ஊரையே சரித்துக் கட்டினார்கள். குடிக்கும் ஊரணி வேறு, குளிக்கும் ஊரணி வேறு, மாடு இறங்கும் குட்டை வேறு. குடிநீர் ஊரணிக்குள் காலை நனைக்கக் கூடாது. வரத்துக் காலில் ஒருவரும் ஒதுங்கக் கூடாது. காவலுக்கு ஓர் ஆள் சம்பளத்துக்கு இருந்தார். அப்பத்தா சிறுமியாக இருந்தபோது செருப்போடு படியிறங்கிய ஒரு மாப்பிள்ளையை அந்தக் காவல்காரர் கம்பைக் காட்டி ஏற்றிவிட்டாராம். சாதி பார்த்து விலக்கியதும் அந்தக் காவலின் ஒரு பகுதிதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கம்பு எல்லாரையும் ஒரே மாதிரி ஏற்றிவிடவில்லை. ஆனால் அழுக்கையும் சாணத்தையும் தண்ணீருக்குள் விடாமல் தடுத்த பகுதியை நாம் சேர்த்தே தொலைத்துவிட்டோம்.

இப்போது ஊரணியை ஏலம் விடுகிறார்கள். ஆவணத்தில் அதற்குப் பெயர் ‘மீன்பாசி ஏலம்’. அந்தத் தொடரை எழுதிய குமாஸ்தாவுக்கு இப்படிப் பலிக்கும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. ஏலம் எடுத்தவர் மீன்குஞ்சு விட்டு, அவை விரைவில் கொழுக்க வேண்டுமென்று கோழிப்பண்ணை எச்சத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டினார் என்று அயித்தை வீட்டில் வேலை செய்பவர் சொன்னார். கரையில் பிளந்து கிடந்த சாக்குகளை நானே பார்த்தேன். எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நிறைய உண்டு. அதோடு தெருவடிகாலில் இப்போது மழைநீர் மட்டுமா வருகிறது? சோப்பு நீரும் கழிவறைத் தொட்டியின் கசிவும் அதே சரிவில் அதே ஊரணிக்கு இறங்குகின்றன. ஊரைச் சரித்துக் கட்டிய கெட்டிக்காரத்தனம் இன்றைக்கும் பழுதில்லாமல் வேலை செய்கிறது. அதில் எதை விடுகிறோம் என்பதுதான் மாறிவிட்டது.

ஐப்பசி, கார்த்திகையில் ஊரணி நிறைந்து கண்மாய்க்குப் போகும். கண்மாய் கலுங்கு பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். மிஞ்சியது பாம்பாறு, மணிமுத்தாறு போன்ற காட்டாறுகள் வழியே வடகடலுக்குப் போய்ச் சேரும். வழியில் வயல் உரமும், கரையோரம் இறால் பண்ணைகள் வெளியேற்றும் நீரும் கலந்துகொள்ளும். 2019-இல் தென்கடல் பச்சையானதற்கு எங்கள் ஊரணி காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. கடல் சூடாவது, காற்றும் நீரோட்டமும் பருவத்துக்குப் பருவம் மாறுவது, ஆழத்து நீர் ஊட்டத்தோடு மேலே வருவது என்று கடற்பூப்புக்கு இயற்கைக் காரணங்களும் பல உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன்பே சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல், மலபார்க் கரையில் நுண்ணுயிர்ப் பெருக்கத்தால் மீன்கள் மொத்தமாக இறந்ததைப் பதிவு செய்திருக்கிறார். ஆயினும் பூத்த பிறகு அது எவ்வளவு பெருகும், எத்தனை நாள் நிற்கும் என்பதில் கரையிலிருந்து போகும் ஊட்டத்துக்குப் பங்குண்டு. நாக்டிலூக்கா பெருகும் கடலில் அதை மீன்கள் விரும்பி உண்பதில்லை; உண்டு கொழுப்பவை சொறி என்னும் ஜெல்லி மீன் போன்ற இழுதுடல்கள். வலையில் மீனுக்குப் பதில் சொறியே அதிகம் ஏறுகிறது என்று மீன்காரம்மா ஒரு முறை சலித்துக்கொண்டபோது, அதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பஞ்சாயத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மீன்பாசி ஏலத்தில் எச்சம் கொட்டக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், பச்சை தெளியும்வரை கால்நடைகளை இறக்க வேண்டாமென்று படித்துறையில் ஒரு பலகை வைக்க வேண்டும் என்று இரண்டே கோரிக்கைகள். பலகைக்குச் சம்மதம் கிடைத்தது. அதில் என்ன எழுதுவது என்று கேட்டார்கள். ‘பாசி’ என்று எழுதினால் வழுக்கும் என்று நினைப்பார்கள். ‘விஷம்’ என்று எழுதினால் எங்கள் தெருவில் மீன் வாங்க மாட்டார்கள். ‘தண்ணீர் கெட்டிருக்கிறது, ஆடு மாடுகளை இறக்க வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

சென்னைக்குத் திரும்பும் நாள் கிணற்றடி மாடத்தில் வைத்த பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். பச்சை வளையம் செத்து, அதன் கீழே நீர் மயில்கழுத்து நீலமாக மாறியிருந்தது. உயிரணுக்கள் உடையும்போது உள்ளிருக்கும் நீலச் சாயம் கசிவதால் அப்படி ஆகும். அதை எங்கே ஊற்றுவது என்று தெரியவில்லை. முற்றத்து வடிகாலில் ஊற்றினால் ஊரணிக்கே போகும். கொல்லையில் ஊற்றினால் கோழி கொத்தும். கடைசியில் மண்வெட்டியால் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, ஊற்றி, மண்ணைத் தள்ளி, மேலே ஓர் ஆத்தங்குடிக் கல்லின் உடைந்த துண்டை வைத்தேன். பின்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அயித்தை, “பச்சைத் தண்ணியைப் போய் யாராச்சும் புதைப்பாகளா?” என்றார்.